வாப்பாவின் கடையில் சேருமுன் எழுத வேண்டியவை

"படிச்சு முடிச்சாச்சுதானே, என்னத்துக்கு மகன் கொழும்புக்குப் போறாய்? கடைய வந்து பாரு."

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் இந்தக் கரையோரத்தில் எத்தனையோ பிள்ளைகளின் தொழில் வாழ்க்கை இந்த ஒரு பேச்சோடுதான் தொடங்குகிறது. சம்பளம் எவ்வளவு என்ற கதை வராது. பங்கு உண்டா என்ற கதையும் வராது. கேட்டால் மரியாதைக் குறைவு. "எல்லாம் உங்களுக்குத்தானே" என்று வாப்பா சொல்லிவிடுவார், அதை அவர் மனதாரத்தான் சொல்லுவார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது 35 வயது என்று வையுங்கள். கலியாணமாகி மனைவியின் வீட்டில் குடியிருக்கிறார். கடை இரண்டு மடங்காக வளர்ந்திருக்கிறது, அவர் பெயரில் மட்டும் ஒன்றுமில்லை. வாப்பா மௌத்தாகிறார். நாற்பதாம் கத்தம் வருவதற்குள் காக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

கல்முனைக் கடைத்தெருவில் கணக்கு எழுதப் போய்வந்த காலத்தில் இதை நான் மூன்று கடைகளில் பார்த்தேன். மூன்றும் ஜும்ஆவுக்குக் கதவடைக்கும் கடைகள். வட்டிப் பக்கமே போகாத, ஒவ்வொரு நோன்பிலும் ஸகாத் கொடுக்கிற குடும்பங்கள். ஈமான் குறைந்துதான் அவை உடைந்தன என்று சொல்ல எனக்கு மனம் வராது. எழுது, சாட்சி வை, பங்கைச் சொல் என்று மார்க்கம் கேட்கிறது. பெரியவர் இருக்கும்போது அதைப் பற்றி வாய் திறக்காதே என்று ஊர் வழமை கேட்கிறது. அந்தக் கடைகள் வழமையைத்தான் கேட்டன. குடும்பத் தொழிலில் காலெடுத்து வைக்கப்போகிற மகனோ மகளோ மருமகனோ, இந்த இரண்டையும் முதலில் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் நாளே: நீங்கள் யார்?

குர்ஆனில் ஆக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணைக் கடன் என்றால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், கடன்பட்டவர் தன் வாயால் சொல்லி எழுதுவிக்க வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதென்று சலித்து விட்டுவிடக் கூடாது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்கு மட்டும் எழுதாமல் விட அனுமதி இருக்கிறது. குடும்பத்துக்குள் என்றால் எழுதத் தேவையில்லை என்ற விலக்கு அந்த வசனத்தில் எங்கும் இல்லை. அந்த விலக்கைச் சேர்த்துக்கொண்டவர்கள் நாங்கள்தான்.

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் வாய்ப்பேச்சில் ஏற்படுத்திய கூட்டு வியாபாரம் சட்டத்தின் முன் நிற்காது. எழுத்து வேண்டும், கையொப்பம் வேண்டும். இன்றைக்கு ஆயிரம் ரூபாயில் ஒரு கூட்டுக்குச் சோற்றுப் பார்சல் வாங்கலாம், கடை போட முடியாது. ஆகவே "நானும் காக்காவும் கூட்டு" என்று வாயால் மட்டும் சொல்லிக்கொள்ளும் எந்தக் கடையிலும், சட்டத்தின் கண்ணுக்குக் கூட்டு என்ற ஒன்றே இல்லை.

கடையில் உங்கள் இடம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். கூலிக்கு வேலை செய்கிறீர்கள் என்றால் மாதச் சம்பளம், கடை நட்டப்பட்டாலும் அது உங்களுக்குச் சேர வேண்டும். வாப்பாவின் முதலில் நீங்கள் உழைக்கிறீர்கள் என்றால் அது முளாரபா. இலாபத்தில் இன்ன விகிதம் என்று பேசிக்கொள்ளலாம்; நட்டம் வந்தால் முதல் போட்டவருக்கு முதல் போகும், உங்களுக்கு உழைப்புப் போகும். இரண்டு பேரும் முதல் போட்டால் முஷாரகா. இலாபத்தைப் பேசிய விகிதப்படி பிரிக்கலாம், நட்டத்தைப் போட்ட முதலின் அளவுப்படிதான் சுமக்க வேண்டும். இதில் எது என்று ஒரு பக்கத்தில் எழுதி, திகதி போட்டு, இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடுங்கள். பிறகு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

மருமகனுக்கு இது இன்னும் அவசரம். இந்தப் பகுதியில் ஆண் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகிறவர். மாமாவின் கடையில் அவர் உதவிக்கு நிற்கத் தொடங்குவது இயல்பாக நடக்கும். விருந்தாளியா, வேலையாளா, பங்காளியா என்று யாரும் சொல்லாமலே பத்து வருஷம் ஓடிவிடும். மச்சான்மார் வளர்ந்து கடைக்கு வரும் நாளில்தான் அந்தக் கேள்வி எழும். அன்றைக்கு அதற்குப் பதில் தேடுவது எல்லோருக்கும் வலி.

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வரும் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் தம்பி கடையில் 10 இலட்சம் போடுகிறார், மாதாமாதம் "இலாபம்" என்று 20,000 அவர் வீட்டுக்குப் போகிறது. கடையில் இலாபம் வந்ததோ இல்லையோ 20,000 போகும். பெயர் இலாபம், உள்ளே இருப்பது வட்டி. தொகையாகப் பேசாமல் விகிதமாகப் பேசுங்கள், மாதக் கணக்கைத் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வியாபாரம் மந்தமான மாதத்தில் அவருக்கும் குறையும், அதை அவர் முன்கூட்டியே அறிந்திருப்பார்.

ஸகாத் இரவு

றமழானுக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு புடவைக் கடையில் இருப்புக் கணக்கெடுக்க உட்கார்ந்தோம். இஷாவுக்குப் பிறகு அரைக் கதவை இறக்கிவிட்டு, மகன் அலுமாரியிலிருந்து சாறன் பண்டல்களை இறக்க, கடைசி மகள் சீஆர் கொப்பியில் எழுதினாள். மருதமுனைக் கைத்தறிச் சாறன் ஒரு பக்கம், மில் சாறன் இன்னொரு பக்கம். வாப்பா கதிரையில் இருந்தபடி விலை சொன்னார். எங்கோ நடுவில் ஒரு பண்டலை மகன் பிரித்தான். நாலு வருஷத்துக்கு முந்தைய பெருநாள் சரக்கு, மடிப்பு ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. அப்படி இருபத்தொரு பண்டல் இருந்தது. வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாங்கின விலைய எழுதாத மக, இண்டைக்கு என்ன விலைக்குப் போகுமோ அதை எழுது" என்றார்.

வியாபாரப் பொருளின் ஸகாத் அன்றைய சந்தை விலையில்தான் கணிக்கப்படுகிறது. எனக்குத் தெரிந்து ஒரு குடும்பக் கடை வருஷத்துக்கு ஒருமுறையாவது தன் உண்மை நிலையைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இருப்பின் இன்றைய விலை, கையிலும் வங்கியிலும் உள்ள காசு, வந்து சேரும் என்று நம்பக்கூடிய கடன். இவற்றின் கூட்டு 85 கிராம் தங்கத்தின் பெறுமதியை எட்டி ஒரு சந்திர வருஷம் நின்றால் நாற்பதில் ஒரு பங்கு. இருப்பு 62 இலட்சம், காசு 6 இலட்சம், வரவேண்டியது 12 இலட்சம் என்றால் மொத்தம் 80 இலட்சம், ஸகாத் 2 இலட்சம். நீங்கள் கொடுக்க வேண்டிய கடனைக் கழிப்பதா என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு ஒரே முறையை எல்லா வருஷமும் பின்பற்றுங்கள்.

ஆனால் எத்தனையோ முதலாளிமார் எண்ணிப் பார்ப்பதே இல்லை. "ஒரு லட்சம் எடுத்து வை" என்று மனக்கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் ஏழைக்குச் சேர வேண்டியது குறையலாம். கடைக்கும் நட்டம்தான், மஞ்சள் பூத்த இருபத்தொரு பண்டல் அலுமாரியிலேயே கிடக்கும். புதிதாகக் கடைக்கு வந்த பிள்ளை முதலில் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குவதானால் ஸகாத் கணக்கைக் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். ஒரே வாரத்தில் கடையின் முழு உடம்பும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மிஞ்சும் பழைய சரக்கை அந்தப் பெருநாளிலேயே விலை குறைத்துத் தள்ளிவிடலாம்.

நம்பிக்கை கணக்குப் புத்தகத்துக்குள் இறங்குவது எங்களுக்கு மட்டும் உரியதில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வியாபாரத்தில் கோயிலுக்கென்று மகமை ஒதுக்கிக் கணக்கில் எழுதினார்கள். இங்கிலாந்தின் குவேக்கர் சபை வணிகர்கள் பேரம் பேசாமல் எல்லோருக்கும் ஒரே விலை சொன்னார்கள். கடனடைக்க முடியாமல் முறிந்தவரைச் சபையிலிருந்தே விலக்கினார்கள். 1824இல் பர்மிங்ஹாமில் ஜோன் கட்பரி திறந்த கடை அந்தச் சபைக்காரருடையதுதான். ஊர் அறிய ஒரு கட்டுப்பாடு இருந்ததால் தெரியாதவரும் அவர்களை நம்பிச் சரக்குக் கொடுத்தார்கள்.

கொப்பியைப் பற்றி ஒரு சொல். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கரையோரக் கடைகளின் கடன் கொப்பிகளும் மருதமுனையின் தறிகளும் அந்தத் தண்ணீரோடு போயின. இரவு கடை மூடும்போது அன்றைய பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அரை நிமிட வேலை.

வீடு மகளுக்கு, கடை மகனுக்கு

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இங்குள்ள முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழிக் குடி முறையையும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைக்கும் வழக்கத்தையும் பகிர்ந்துகொள்வதை விரிவாக எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது ஆய்வில்லை, வாழ்க்கை. மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. கடையில் வரும் இலாபம் சீமெந்தாகவும் ஓடாகவும் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது வீட்டுக்குக் கூரை போடும் வருஷத்தில் கடையில் சரக்கு இறக்கக் காசிருக்காது. கடை வளரவில்லையே என்று மகன் மனம் புழுங்குவார், காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

வாப்பா மௌத்தானதும் மகன்மார், "ராத்தாமாருக்குத்தான் வீடு கிடைச்சிட்டுதே, கடை எங்களுக்குத்தான்" என்று எடுத்துக்கொள்வார்கள். ஊர் வழமைப்படி அது நியாயமாகத் தெரியும். மார்க்கத்தின் கணக்கு வேறு. உயிரோடிருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு, ஹிபா. மௌத்துக்குப் பிறகு பிரிப்பது வாரிசுரிமை. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுக்க முடியாது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் இறந்தவர் பின்பற்றிய மத்ஹபின் பிரகாரமே சொத்துப் பிரிய வேண்டும் என்கிறது.

கணக்கைப் பாருங்கள். கடன்களெல்லாம் கழித்துக் கடை 80 இலட்சம் பெறும். வாப்பாவின் பெற்றோர் இல்லை. மனைவி, இரண்டு மகன்மார், மூன்று மகள்மார் இருக்கிறார்கள். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 10 இலட்சம். மீதி 70 இலட்சத்தை ஏழு பங்காக்கினால் மகள் ஒவ்வொருவருக்கும் 10, மகன் ஒவ்வொருவருக்கும் 20. அதாவது கடையை நடத்தும் இரண்டு பேரிடமும் சேர்ந்து பாதி இருக்கிறது. மற்றப் பாதி உம்மாவிடமும் ராத்தா, தங்கச்சிமாரிடமும் இருக்கிறது. இதைப் பேசாமல் பத்து வருஷம் கடையை ஓட்டினால், அவர்களுடைய முதலில் அவர்களைக் கேட்காமல் வியாபாரம் செய்திருக்கிறீர்கள். வட்டிக்குப் பயந்த ஒருவர் இதற்கும் பயப்பட வேண்டும்.

பொருளியலாளர் திமுர் குரான் 2011இல் வெளிவந்த தன் நூலில் ஒரு கடுமையான வாதத்தை வைத்தார். இஸ்லாமிய வாரிசுரிமை செல்வத்தைப் பலருக்கும் பகிர்ந்தது, கூட்டாளி ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்தது, அதனால் மத்திய கிழக்கின் வியாபாரங்கள் சிறிதாகவும் குறுகிய ஆயுளோடும் நின்றன என்பது அவர் சொல்வது. இதைக் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் உண்டு. நான் அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கடைகளில் அது நடப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் இன்றைக்கு அதற்கு மருந்தும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கடையை ஒரு தனியார் கம்பனியாகப் பதிந்துவிட்டால், வாரிசுகளுக்குப் பிரிவது பங்குகள் மட்டுமே. அலுமாரியும் சரக்கும் கடையின் பெயரும் ஒன்றாகவே இருக்கும். ராத்தா தன் பங்குக்கு வருஷாவருஷம் இலாபம் வாங்குவார். விற்க விரும்பினால் தம்பிமார் விலை பேசி வாங்கலாம். கடையில் நின்று உழைப்பவருக்குத் தனியாகச் சம்பளம். ராத்தாவின் பங்கும் போகாது, கடையும் உடையாது.

வாப்பா உயிரோடிருக்கும்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. பிள்ளைகளுக்கிடையில் கொடையில் நீதம் வேண்டும் என்பதில் நபியவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த கொடைக்குச் சாட்சியாக நிற்க மறுத்தார்கள். ஆகவே மகளுக்கு வீட்டு உறுதி எழுதும் அதே காலத்தில் மகனுக்குக் கடையில் ஒரு பங்கை எழுதிக் கொடுப்பது முறையானது. நன்கொடை உறுதியில் "மீளப்பெற முடியாதது" என்று எழுதப்படாவிட்டால் அது மீளப்பெறக் கூடியதாகவே கொள்ளப்படும் என்று அதே 1931 சட்டம் சொல்கிறது. நொத்தாரிசிடம் அந்த வரியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராத்தாமார் விட்டுக்கொடுக்க விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அது வாப்பா மௌத்தான பிறகு, தன் பங்கு இத்தனை இலட்சம் என்று தெரிந்த பிறகு, தன் மனதாரச் செய்ய வேண்டியது. கத்த வீட்டில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் வெற்றுக் கடதாசியில் ஒப்பம் வாங்குவதற்கு என்ன பெயர் வைத்தாலும் அதில் பரக்கத் இராது.

வெள்ளாமைக் கடன்

சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம் பக்கம் உரமும் எண்ணெயும் விற்கும் கடைகளுக்கு வெள்ளாமை வெட்டில்தான் காசு வரும். கடன் கொடுக்காமல் கடை நடத்த முடியாது. வட்டியும் வாங்க முடியாது. வழி மார்க்கத்துக்குள்ளேயே இருக்கிறது. கைக்காசு விலை, தவணை விலை என்று இரண்டைச் சொல்லி, வாங்குபவர் கடையை விட்டுப் போகுமுன் ஒன்றை முடிவாக்கிச் சிட்டையில் எழுதுங்கள். அதற்குப் பிறகு மழை வந்து வெட்டுப் பிந்தினாலும் ஒரு ரூபாய் கூட்டக் கூடாது. கூட்டினால் அந்தக் கூட்டல்தான் வட்டி.

முன்காசு கொடுத்து நெல் வாங்குவதாக இருந்தால் ஸலம் முறையில் வாங்குங்கள். முழு விலையையும் பேசும்போதே கொடுக்க வேண்டும். என்ன இனம், எத்தனை கிலோ, எந்தத் திகதி, எங்கே இறக்குவது எல்லாம் எழுத வேண்டும். பாதிக் காசைக் கொடுத்துவிட்டு, "வெட்டு நேரம் பார்த்துக்கொள்வோம்" என்பது ஸலமும் இல்லை, நல்ல வியாபாரமும் இல்லை.

வங்கியிலிருந்து முதல் எடுப்பதானால், இலங்கையில் 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய முறைக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி முழுமையாக அந்த முறையில் இயங்கும் வர்த்தக வங்கியாகத் தொடங்கியது. ஹலால் என்ற சொல்லோடு திருப்தியடையாமல் மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். "ஹலால் இலாபம்" என்று வீடு வீடாகக் காசு சேர்க்க வருபவரிடம் மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆள் பள்ளியில் முதல் சஃப்பில் நிற்பவர் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

கடையில் நிற்பவர்கள்

வேலையாளின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஊழியர் சேமலாப நிதி என்றதும் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சம்பளத்தில் வேலையாளிடமிருந்து 8 வீதம், உங்கள் பக்கம் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு உங்கள் பக்கம் 3 வீதம். அது வேலையாளின் காசு, உங்களிடம் இருக்கும் அமானிதம். ஜும்ஆவுக்குக் கடை மூடும் நேரத்தில் காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதீர்கள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் கேட்காமலே லீவு கொடுங்கள்.

நம்பிக்கை வெளியே தெரியும் கடைக்கு வெளியிலிருந்து அடியும் வரும். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியால் ஒரு முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. 2019 ஏப்ரலின் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு எத்தனையோ கடைகளில் சிங்கள வாடிக்கையாளர் வராமல் போனார்கள். அதற்கு நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். சமையலறையைத் திறந்து வைத்திருங்கள், பில் கொடுங்கள், சிங்களம் பேசும் ஒருவரைக் கல்லாவில் வையுங்கள். காப்புறுதி எடுக்கத் தயங்குபவர்களுக்குத் தகாஃபுல் இருக்கிறது. எடுக்கும்போது கலவரத்துக்கும் வெள்ளத்துக்கும் பாதுகாப்புச் சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தை வாசியுங்கள்.

எப்படிக் கேட்பது

கடையில் வைத்துக் கேட்காதீர்கள். வேலையாட்கள் முன்னால் எந்த வாப்பாவும் பங்கைப் பற்றிப் பேச மாட்டார். அசறுக்குப் பிறகு வீட்டில், உம்மாவும் இருக்கும்போது கேளுங்கள். "எனக்கு என்ன தருவீங்க" என்று தொடங்க வேண்டாம். "வாப்பா, உங்களுக்கு யார் யார் தரணும், நீங்க யார் யாருக்குக் கொடுக்கணும், ஒருக்கா சொல்லுங்க, நான் எழுதி வைக்கிறன்" என்று தொடங்குங்கள். கடனை எழுதாமல் மௌத்தாகிவிடுவோமோ என்ற பயம் எந்தப் பெரியவருக்கும் உண்டு. அந்த வேலையை ஒரு பிள்ளை தன் தலையில் எடுத்துக்கொண்டால் மனம் இளகும். கடன் முடிந்ததும் இருப்பு, இருப்பு முடிந்ததும் பங்கு. ஒரே நாளில் முடியாது. மூன்று அசறு ஆகலாம், முப்பதும் ஆகலாம்.

அந்தப் புடவைக் கடையில் ஸகாத் கணக்கு முடியும்போது சஹர் நேரம் நெருங்கியிருந்தது. கூட்டுத்தொகையின் கீழே கோடு போட்டுவிட்டு மகள் கொப்பியை மூடப் போனாள். வாப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார். முதலில் உம்மாவின் பெயரைச் சொன்னார். பிறகு மூத்த மகளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக, அவள் பெயர் உட்பட, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் எழுதினாள்.